கட்டுரையை வேர்டில் எழுதலாமா, கூகுள் டாக்ஸிலா?

எழுத்துப் பயிற்சி பற்றி ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் நம் மண்டபம், தொண்டிப் பக்க ஆசிரியர்களுக்காக:

செலவு: கணினியில் நிறுவும் வேர்டுக்குப் பணம் கட்ட வேண்டும், டாக்ஸ் இலவசம்.

இணையம்: புயல் நாளில் பாம்பனில் சிக்னல் போனாலும் வேர்டு ஓடும். டாக்ஸில் ஆஃப்லைன் வசதியை முன்பே இயக்கி வைக்க வேண்டும்.

கூட்டாக எழுத: சந்தேகமே வேண்டாம், டாக்ஸ்.

பெயர் மறைப்பு: இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது என்று பல இதழ்கள் கேட்கின்றன. முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. கோப்பின் விவரங்களிலும் ஓரக் குறிப்புகளிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்டின் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' அதைத் தேடி நீக்கித் தரும். மாணவர் எழுத்தை எடுத்துக்காட்டினால் அவர் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள்.

தனியாக எழுதினால் வேர்டு போதும். இருவர் என்றால் டாக்ஸில் வரைவு, அப்புறம் வேர்டில் இறக்கிச் சுத்தம் செய்து அனுப்புங்கள்.