கூரியரா, நேரில் ஒப்படைப்பா? ஆன்லைன் ஏலத்தில் விற்பவர்களுக்கு

ஏலம் முடிந்த பிறகு அட்டைப்பெட்டி தேடக் கிளம்புகிறவர்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார். பொருளைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, எடை போட்டு, நீள அகல உயரம் அளந்த பிறகே லிஸ்டிங் (தளத்தில் விற்பனை அறிவிப்பு) போட வேண்டும். கூரியரில் அனுப்புவதா, நேரில் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிடும்.

கூரியர் என்றால் தொலைதூரத்தில் இருப்பவரும் ஏலம் கேட்பார், விலை ஏறும். ஆனால் கட்டணம் தராசு காட்டும் எடைக்கு மட்டும் இல்லை. பெட்டியின் மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான கணக்கு; அப்படி வரும் கிலோ தராசு எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றரைக் கிலோ லாம்ப்ஷேட் 40×40×40 செ.மீ. பெட்டியில் போனால் 12.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். லிஸ்டிங்கில் 2 கிலோ என்று குத்துமதிப்பாகப் போட்டவருக்கு லாபம் அங்கேயே போய்விடும்.

அடுத்தது உடைவு. கண்ணாடி, பீங்கான் பொருள்களுக்குக் காப்பீட்டுத் தொகை கட்டினாலும் இழப்பீடு கிடையாது என்று பல கூரியர்களின் விதிகள் சொல்கின்றன. பணம் கட்டும் முன் அந்த விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

இசைத்தட்டு பிளேயரை எடுத்துக்கொள்வோம். சுழலும் தட்டை அச்சிலேயே விட்டு அனுப்பினால், வழியில் விழும் ஒவ்வொரு அடியும் பேரிங்கில் இறங்கும். தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். ஊசிக்கரத்தின் பின்னால் இருக்கும் எதிர்எடையையும் கழற்ற வேண்டும். ஊசிக்கு மூடி போட்டு, கரத்தை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும். பிறகு பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. நிரப்பு. மூடிக் குலுக்கும்போது உள்ளே ஏதாவது நகர்ந்தால் இன்னும் நிரப்புங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லையா? ‘நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்’ என்று போட்டுவிடுவதே மேல்.

நேரில் கொடுத்தால் பேக்கிங் வேலை இல்லை, உடைந்துவிட்டது என்ற புகாருக்கும் இடம் குறைவு. அலமாரி, வாஷிங் மெஷின் மாதிரியானவற்றுக்கு இதுவே சரி. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டுமே கேட்பார்கள் என்பதால் விலை படுத்துவிடலாம். எனவே தொடக்க விலையை அடிமட்டத்தில் வைக்காதீர்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, தூக்க எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதை லிஸ்டிங்கிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் ஒற்றை ஆளாகச் சின்னக் காரில் வந்து நின்று, ‘விலையைக் கொஞ்சம் குறைங்க’ என்று பேச்சைத் தொடங்குவார்கள்.

நேரில் கொடுப்பதில் பெரிய ஓட்டை வேறு. ட்ராக்கிங் எண் இருக்காது. ஆன்லைனில் பணம் கட்டியவர் பொருளை வாங்கிப் போன பிறகு ‘வரவே இல்லை’ என்று தளத்தில் புகார் கொடுத்தால் உங்கள் கையில் சான்று வேண்டும். வாங்குபவரிடம் குறியீடு கேட்டு ஆப்பில் பதியும் வசதி தளத்தில் இருந்தால், அதைப் பதியாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் தேதி, சீரியல் எண்ணோடு கையெழுத்து வாங்குங்கள். மின்சாதனம் என்றால் அவர் கண்முன்னே ஓட்டிக் காட்டுங்கள். பணம் அனுப்பியதாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் செல்லாது; உங்கள் கணக்கைத் திறந்து, தொகை ஏறியதா என்று நீங்களே பாருங்கள்.

‘நானே கூரியர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்’ என்று வாங்குபவர் சொல்வது மூன்றாவது வழி. வசதியாகத் தோன்றும், ஆனால் மூன்றிலும் இதுதான் மோசம். பார்சலை பதிவு செய்தவர் அவர், ட்ராக்கிங்கும் அவர் கையில். பேக்கிங் மட்டும் உங்கள் தலையில். கூரியருக்கான பணத்தையும் நீங்களே முன்கூட்டிக் கட்டுங்கள், பிறகு தந்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது மோசடி, பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உண்மையான ஆளாகவே இருந்தாலும், அவர் திரும்பப் பிடுங்க முடியாத வழியில் பணம் வந்து சேர்ந்த பிறகே ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் வண்டி எண்ணையும், மூடிய பெட்டி தராசில் இருப்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.