பிரித்து மேயப் பழைய கையடக்கக் கணினி: சையானா, அட்டாரியா, எச்பியா?

பழைய கையடக்கக் கணினி ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டு, உள்ளே என்னதான் ஓடுகிறது என்று பார்க்க ஆசை, எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். "சையான் வாங்குங்க" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். "ஏன், எச்பி இன்னும் நல்லா இருக்குமே?" என்றார். நல்லாத்தான் இருக்கும். ஆனால் வைத்துப் பயன்படுத்த நல்ல இயந்திரம் வேறு, பிரித்துப் படிக்க நல்ல இயந்திரம் வேறு. அதை விளக்கப்போய் இவ்வளவு நீண்டுவிட்டது.

போட்டியில் மூன்று பேர்: பிரிட்டனில் பிறந்த சையான் ஆர்கனைசர் 2 (1986), அட்டாரி போர்ட்ஃபோலியோ (1989), எச்பி 200எல்எக்ஸ் (1994). பெங்களூருவில் உருவான சிம்ப்யூட்டரைச் சேர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அது லினக்ஸில் ஓடுவது. உள்ளே இருப்பது ஏற்கெனவே ஊருக்கே தெரியும் என்பதால் இந்த ஆட்டத்தில் சுவாரசியம் குறைவு.

நான் பார்ப்பது இவ்வளவுதான்: ரோமில் (இயங்குதளம் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் சிப்) இருப்பதை வெளியே எடுக்க முடியுமா, எடுத்ததை ஒரு ஆள் உட்கார்ந்து படித்து முடிக்க முடியுமா, கம்பி மாட்டிப் பார்க்க இடம் இருக்கிறதா.

சையான் ஆர்கனைசர் 2 பார்க்க ஒரு சின்னச் செங்கல் மாதிரி இருக்கும். உறையைக் கீழே இழுத்தால் கீபோர்டு தெரியும். மொத்தம் 36 கீ, எழுத்துகள் டைப்ரைட்டர் முறையில் இல்லாமல் அகரவரிசையில் இருக்கும். சிஎம், எக்ஸ்பி மாடல்களில் திரை இரண்டே வரி, வரிக்கு 16 எழுத்து. ஹிட்டாச்சி 6303 ப்ராசஸர் 0.92 மெகாஹெர்ட்ஸில் ஓடும். மல்டிமீட்டரில் போடுகிறோமே, அதே 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். இந்தப் பொடியனை வைத்துக்கொண்டு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் வேலையே பார்த்திருக்கிறார்கள்.

இதன் ரோம் வெறும் 32 கே.பி. வரிக்கு 16 பைட் என்று அச்சடித்தால் 2,048 வரி. ஒரு நாவல் அளவுகூட வராது. அதை வெளியே எடுக்க ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். உள்ளேயே ஓ.பி.எல். என்ற நிரல்மொழி இருக்கிறது, அதில் எந்த முகவரியையும் எட்டிப் பார்க்கக் கட்டளை உண்டு. அழகு என்னவென்றால், ஓ.பி.எல்.லில் முழு எண்கள் −32,768 முதல் 32,767 வரைதான். ரோம் உட்கார்ந்திருப்பதோ முகவரிப் பரப்பின் மேல் பாதியில். அதாவது எதிர்மறை எண்கள் அத்தனையும் ரோம், முதல் பைட் −32,768, கடைசி பைட் −1. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், பூஜ்யம் வந்தால் நிறுத்து. நிரல் ஐந்தாறு வரிதான். கம்ஸ் லிங்க் கேபிள் வழியாக எல்லாம் கணினிக்கு வந்துவிடும். அசல் கேபிள் கிடைப்பது அரிது, ஆனால் ஆர்வலர்கள் யூ.எஸ்.பி. மாற்று செய்துவிட்டார்கள்.

நான் முதல்முறை எடுத்தபோது கோப்பு கன்னாபின்னாவென்று வந்தது. அரை நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு என்னிடம்தான். ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்முறை) மாற்றும் கட்டளை 5 என்ற பைட்டை ‘05’ என்று தராது, வெறும் ‘5’ என்றுதான் தரும். முன்னால் பூஜ்யம் சேர்க்க மறந்ததால் அடுத்து வந்ததெல்லாம் ஒரு இடம் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது.

அப்புறம் அடுத்த பொறி. டிஸ்அசெம்ப்ளரில் (பைட்டுகளை ப்ராசஸர் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் நிரல்) போட்டால் முதல் சில வரிகள் ஒழுங்காக வரும், பிறகு உளறும். சையானின் இயங்குதளச் சேவை எதைக் கூப்பிடுவதானாலும் 3எஃப் என்ற பைட்டைப் போட்டு, அடுத்த பைட்டில் சேவை எண்ணை வைத்திருக்கிறார்கள். டிஸ்அசெம்ப்ளருக்கு இது தெரியாது, சேவை எண்ணையும் கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். 3எஃப்-க்கு அடுத்ததைத் தரவு என்று குறித்தவுடன் மொத்தமும் தெளிந்தது. ரிவர்ஸ் எஞ்சினியரிங்கில் கிடைக்கும் முதல் போதை இதுதான், அதைச் சையான் ஒரே வார இறுதியில் கொடுத்துவிடுகிறது.

கம்பி மாட்டும் இடத்திலும் இதற்கு இணை இல்லை. பக்கத்தில் செருகும் டேட்டாபேக் என்பது ஈப்ரோம் (மின்சாரத்தால் எழுதி, புற ஊதா ஒளியால் அழிக்கும் ரோம்) சிப் வைத்த சிறு பெட்டி. அதற்கு முகவரிக் கம்பிகளே கிடையாது. உள்ளே ஒரு கவுண்டர், கடிகாரக் கம்பியைத் தட்டத் தட்ட அடுத்த பைட்டுக்குப் போகும், அவ்வளவுதான். எட்டு தரவுக் கம்பி, சில கட்டுப்பாட்டுக் கம்பி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான லாஜிக் அனலைசரே (கம்பிகளில் ஓடும் 0, 1-களைப் பதிவுசெய்யும் கருவி) இந்த வேகத்துக்குத் தாராளம். ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகையை வைத்து டேட்டாபேக்கைப் படித்தேன். எழுதத்தான் 21 வோல்ட் வேண்டும், படிக்க 5 வோல்ட் போதும்.

படித்ததில் ஒரு சங்கடம். ஈப்ரோமில் 1-ஐ 0 ஆக்கலாம், திரும்ப 1 ஆக்கப் புற ஊதா விளக்கு வேண்டும். அதனால் சையான் ஒரு பதிவை ‘அழித்தால்’ உண்மையில் அதன் முதல் பிட்களில் ஒன்றை மட்டும் 0 ஆக்கிவிட்டு, இல்லாதது போல நடிக்கும். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேக்கில் முன்னாள் உரிமையாளர் அழித்த பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரை அப்படியே இருந்தது. விளக்கில் காட்டிச் சுத்தமாக அழித்துவிட்டேன்.

சரி, தமிழ் வருமா? திரையின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்துக்கு எட்டு புள்ளிக் கட்டம், அதில் நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்கு இடம் உண்டு. திரையின் கட்டுப்பாட்டு முகவரி 384-இல் 64 என்று எழுதிவிட்டு, 385-இல் எட்டு எண்களைத் தொடர்ந்து எழுத வேண்டும். ஆறு தடவை 17, பிறகு 31, கடைசியில் 0 போட்டால் ‘ப’ வந்து நிற்கும். 17-க்குப் பதில் 16 போட்டால் ‘ட’. ‘படம்’ வரை ஓட்டினேன். ‘ண’வுக்கு ஐந்து புள்ளி அகலம் எந்த மூலைக்கு?

அட்டாரி போர்ட்ஃபோலியோவுக்குப் பெயர்தான் அட்டாரி, வடிவமைத்தது டிஐபி என்ற பிரிட்டிஷ் நிறுவனம். 80சி88 ப்ராசஸர், 4.9 மெகாஹெர்ட்ஸ், 128 கே.பி. ராம், 256 கே.பி. ரோம், திரையில் 40 எழுத்து கொண்ட 8 வரி. டாஸ் 2.11-க்கு ஒத்துப்போகும் இயங்குதளம். எக்ஸ்86 தெரிந்தவருக்கு இதுதான் இயல்பான தொடக்கம் என்று தோன்றும், நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கவாட்டில் ப்ராசஸரின் பஸ் கம்பிகளை (முகவரியும் தரவும் ஓடும் கம்பிகள்) அப்படியே வெளியே கொண்டுவந்திருக்கும் இணைப்பான், தனிச் சிப்பாகவே இருக்கும் நிஜமான ப்ராசஸர், கம்பி மாட்டத் தோதான இடம்.

இடிப்பது இரண்டு விஷயம். ஒன்று, தரவை உள்ளே வெளியே கொண்டுபோவது. பீகார்டு என்ற மெமரி அட்டை இந்தக் காலத்து எதிலும் நுழையாது. பேரலல் போர்ட் வழியாக அனுப்பும் முறையை ஆர்வலர்கள் கண்டுபிடித்து ட்ரான்ஸ்ஃபோலியோ என்ற நிரலாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் விற்கும் யூ.எஸ்.பி. பிரிண்டர் கேபிள் இதற்கு உதவாது, அது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக ஆட்டவிடாது. நிஜப் பேரலல் போர்ட் உள்ள பழைய பிசி அல்லது ராஸ்பெர்ரி பை வேண்டும். இரண்டு, இது பிசி மாதிரி நடிக்கும் பிசி. திரை நினைவகத்தில் நேரடியாக எழுதினால் சாதாரண பிசியில் உடனே தெரியும். இங்கே பயாஸ் (வன்பொருளை நேரடியாகக் கையாளும் அடிப்படை நிரல்) அதை எடுத்து எல்சிடிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு. எது அசல், எது வேஷம் என்று பிரித்தறிவது சுவாரசியமான வேலைதான், ஆனால் முதல் இயந்திரத்தில் பட வேண்டிய பாடு அல்ல.

சையானையும் போர்ட்ஃபோலியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் கடிகாரம். சாதாரண பிசியில் டைமர் வினாடிக்கு 18 தடவை ப்ராசஸரைத் தட்டி எழுப்பும். சிறு பேட்டரியில் அது கட்டுப்படியாகாது. போர்ட்ஃபோலியோ அந்தத் தட்டலை 128 வினாடிக்கு ஒரு தடவை என்று குறைத்துவிட்டது, வேண்டுமானால் வினாடிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். டைமரை நம்பி எழுதிய டாஸ் நிரல்கள் இங்கே உறைந்துபோவதற்கு இதுதான் காரணம். சையான் இன்னும் கஞ்சம். அணைத்துவிட்டால் ஒரு கவுண்டர் மட்டும் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். 1,024 எண்ணி முடித்ததும் இயந்திரம் தானே விழித்து, நேரத்தில் 1,024-ஐக் கூட்டிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். பேட்டரிக் கம்பியில் மீட்டரை மாட்டிவைத்துக் காத்திருங்கள். 17 நிமிடம் 4 வினாடிக்கு ஒரு தடவை முள் துள்ளும். ரோமில் படித்ததை மேசையில் கண்ணால் பார்ப்பது தனி சந்தோஷம்.

எச்பி 200எல்எக்ஸ் இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன். எம்.எஸ்.-டாஸ் 5.0 ரோமிலேயே இருக்கிறது, லோட்டஸ் 1-2-3 கூடவே வருகிறது, 640க்கு 200 புள்ளி சிஜிஏ திரை, இரண்டு பென்சில் பேட்டரி. பிசிஎம்சிஐஏ என்ற அட்டைப் பொந்தில் அடாப்டர் வைத்து காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையைச் செருகினால் கோப்புப் பரிமாற்றம் முடிந்தது. மூவரில் தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தகுந்தது இது ஒன்றுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஆனால் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம். 80186 வகை ப்ராசஸர், எல்சிடி கட்டுப்பாடு, சீரியல் போர்ட் எல்லாம் ஹார்னெட் என்ற ஒரே சிப்பில் அடக்கம். கம்பியை எங்கே மாட்டுவது? ரோமும் மெகாபைட் கணக்கில். அதைத் துண்டு துண்டாக ப்ராசஸர் கண்ணில் காட்டும் ஏற்பாடு வேறு. ஒரு ஆள் படித்து முடிக்கிற காரியமில்லை. வன்பொருள் பக்கம் ஆர்வலர்கள் செய்தவையெல்லாம் பெரும்பாலும் மேம்பாடுகள்: ப்ராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை மாற்றி வேகத்தை இரட்டிப்பாக்குவது, மெமரியை ஏற்றுவது. சாலிடரிங் கை தேர்ந்தவருக்கு நல்ல வேலை, ரகசியம் தேடுபவருக்கு அதில் ஒன்றுமில்லை. வயதான பிளாஸ்டிக் கீல் பக்கம் விரிசல் விடுவது இதன் பரம்பரை வியாதி. கிளிப்பை நெம்பும்போது வரும் ‘டக்’ சத்தம் கிளிப்பா கீலா என்று தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

ஷார்ப் பிசி-1500 பற்றி இரண்டு வார்த்தை. 1980களின் தொடக்கத்தில் வந்தது, 156க்கு 7 புள்ளி கொண்ட ஒற்றை வரித் திரை, ஷார்ப் தானே செய்த எல்எச்5801 ப்ராசஸர். நான்கு நிறப் பேனாவால் வரையும் சிஇ-150 பிரிண்டர்தான் இதன் கவர்ச்சி. ஆனால் பேனா மை காய்ந்திருக்கும், உள்ளே இருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி பெரும்பாலும் போயிருக்கும். ப்ராசஸர் அதிகம் புழங்காத வகை என்பதால் கருவிகளும் குறைவு. மேம் எமுலேட்டரில் (பழைய இயந்திரங்களைக் கணினியில் நடித்துக்காட்டும் நிரல்) இதற்கு டிஸ்அசெம்ப்ளர் இருக்கிறது என்பது ஆறுதல். இரண்டாவது இயந்திரமாக வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பேட்டரி அறையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பச்சை பூத்திருந்தால் வினிகரில் துடைத்துச் சரிசெய்யலாம், சர்க்யூட் போர்டின் செம்புப் பாதை அரித்துப்போயிருந்தால் தலைவலி. சையானில் பேட்டரி மாற்றும்போது புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், தாமதித்தால் ராமில் இருப்பது போய்விடும். பணம் போடத் தயக்கமா? சையானும் போர்ட்ஃபோலியோவும் மேமில் ஓடும், ஒரு மாதம் அதில் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பர் எச்பியைத்தான் வாங்கினார். டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலெழுதும் மென்பொருளை ஏற்றி, வீட்டுச் செலவுக் கணக்கை லோட்டஸில் போட்டுக்கொண்டு, ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார். நாலு மாதமாகிறது. இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை.