‘ரெண்டும் ஹைலக்ஸ்தானே’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட், லிந்தாங், லாசா பக்கம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன் அச்சு தேய்ந்துபோய், ஹாஃப்-கட் கடையிலிருந்து (பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் விற்கும் கடை) புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தால் கட்டாயம் படியுங்கள். எனக்கு 4,400 வெள்ளி (ரிங்கிட்) போயிற்று. அதற்கு மேல் ரிப்பேர் செலவு தனி.

வண்டி அப்பாவுடையது. 1986 ஹைலக்ஸ், 2.4 டீசல், முன்னாலும் லீஃப் ஸ்பிரிங், ஒரே கட்டை அச்சு. லிந்தாங் பக்கம் மேட்டில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம், டுரியான் மரங்கள் இருக்கின்றன. மழை பெய்துவிட்டால் அந்தச் செம்மண் ஏற்றத்தில் போர்-வீல் (நாலு சக்கரமும் இழுப்பது) இல்லாமல் ஏற முடியாது. அதனால்தான் அப்பா இந்த வண்டியை விற்காமல் வைத்திருக்கிறார்.

போன வருடம் ஸ்டியரிங் பயங்கரமாக ஆட ஆரம்பித்தது. டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். நக்கிளில் (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு) பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து போயிருக்கிறது, அச்சையே மாற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். அதுவரை அவர் சொன்னது உண்மைதான். 1990-களில் வந்த 2.8 டீசல் ஹைலக்ஸின் முன் அச்சு ஒன்று ஈப்போவில் கிடைக்கிறது என்றார்.

“டிஃப் பொருந்துமா?” என்று கேட்டேன். (டிஃப் என்றால் அச்சின் நடுவில், ஷாஃப்டின் சுற்றைச் சக்கரங்களுக்கு மாற்றித் தரும் பல்சக்கரத் தொகுதி.)

“ரெண்டும் ஹைலக்ஸ்தானே அண்ணே. கழட்டி மாட்ட வேண்டியதுதான். உங்க அச்சைவிட இது புதுசு.”

அச்சு 3,200, கூலி 900, ஆயிலும் சீலும் 300. கழற்றிய பழைய அச்சை அவரே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இடத்தை அடைக்குமே என்று சரி என்றேன். ரசீது கேட்டதற்கு “அப்புறம் எழுதித் தர்றேன்” என்றார். இன்றுவரை தரவில்லை.

தார்ச் சாலையில் வண்டி அருமையாக ஓடியது. ஸ்டியரிங் ஆடவே இல்லை. அப்பாகூட மெச்சினார். சாதாரண ஓட்டத்தில் முன் டிஃபுக்கு வேலையே இல்லை என்பதால் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் நல்ல மழை. நிலத்துக்குப் போகும் வழியில் முன் சக்கரங்களின் ஹப்பைப் பூட்டி (அப்போதுதான் அவை அச்சோடு சேரும்) போர்-வீல் போட்டேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சரளைக் கல்லில் முன் டயர்கள் தேய்த்துக்கொண்டே போகும் சத்தம். லீவரை டூ-வீலுக்குத் தள்ளினால் வரவே இல்லை, வண்டியைப் பின்னால் எடுத்த பிறகுதான் விட்டது. சேறு என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை அப்படியே ஓட்டினேன். அது என் தப்பு. மூன்றாவது முறை ஏற்றத்தில் ‘டம்’ என்று ஒரு சத்தம். முன் டிஃபுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் ஜாயிண்ட் உடைந்து, ஷாஃப்ட் அடியில் சுழன்று அடித்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) சீலையும் பிய்த்துவிட்டது. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்தாறு. அந்த மேட்டிலிருந்து வண்டி பின்னால் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கோலகங்சாரில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்து வொர்க்ஷாப்பில் பல வருடம் லேண்ட்ரோவரும் டிராக்டரும் பார்த்தவர். வண்டியை இழுத்துக்கொண்டு போய் அவரிடம் விட்டேன். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. முதலில் பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை விட்டார். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. “தம்பி, சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்து” என்றார். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் அதன் இரண்டு சுற்றுதான் டிஃபுக்கு ஒரு சுற்று. ஷாஃப்ட் நாலரைக்குக் கொஞ்சம் மேலே சுற்றியது. பிறகு முன்பக்கம். இரண்டு ஹப்பையும் பூட்டிவிட்டு (ஒன்றை மட்டும் பூட்டினால் கணக்கு வராது), ஷாஃப்ட் உடைந்து கிடந்ததால் டிஃப் வாயில் கோடு போட்டு, அதே மாதிரி இரண்டு சுற்று. நாலைத் தாண்டி ஒரு துளிதான் வந்தது.

“பாத்தியா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு திறந்து பற்களை எண்ணினோம். பின்னால் 41-க்கு 9, அதாவது 4.56. முன்னால் 41-க்கு 10, அதாவது 4.10. சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த விகிதம். பழைய ஹைலக்ஸ்களில் 4.10, 4.30, 4.56, 4.88 என்று பல விகிதம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். போர்-வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். இந்த வண்டியில் நடுவில் ஈடுகட்ட வேறு டிஃப் கிடையாது. என் வண்டியில் முன் சக்கரம் 10 மீட்டர் போகப் பார்க்கும்போது பின் சக்கரம் 9 மீட்டர்தான் போகப் பார்க்கும். அந்த ஒரு மீட்டர் இழுபறி முழுவதும் ஷாஃப்ட் மேலும் கியர் மேலும்தான் விழும்.

பட்டறைக்காரர் சீலுக்கும் சேர்த்துக் காசு வாங்கினாரே, அதையும் பார்த்தோம். பெரியவர் நக்கிளுக்குள் விரலை விட்டு எடுத்தார். கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் கஞ்சி மாதிரி ஒழுகியது. டிஃப் ஆயில் உள்சீலைத் தாண்டி வந்து கலந்திருந்தது. சீல் மாற்றப்படவே இல்லை. அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளும் பழையவையே, மரை நீண்டு போனவை.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பழைய அச்சிலும் புதிய அச்சிலும் இருந்தது அதே 8 அங்குல டிஃப். எங்கள் பழைய அச்சிலிருந்த டிஃபைக் கழற்றி இதில் மாட்டியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஒரு காஸ்கட்டும் அரை நாள் வேலையும் மட்டுமே செலவு. அந்த டிஃபைத்தான் பட்டறைக்காரர் இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டார்.

போனில் கேட்டேன். “போர்-வீல் எப்பவாவதுதானே போடுவீங்க அண்ணே, உங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேன்” என்றார். தெரியாமல் செய்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அவர் தெரிந்தே செய்திருக்கிறார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வேண்டாம். ரசீது இல்லாததால் வங்கியில் பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்ஆப் செய்திகளையும் அச்செடுத்து இணைத்தேன். நீங்கள் தயவுசெய்து ரசீதில் ‘டிஃப் விகிதம் முன்னும் பின்னும் ஒன்று’ என்று எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள். கழற்றிய சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

கிராஸ் ஜாயிண்ட், சீல்கள், யூ-போல்ட்டுகள் மாற்றியாயிற்று, இன்னொரு 1,150 வெள்ளி. பெரியவர் இப்போது 41-க்கு 9 உள்ள டிஃப் தேடிக்கொண்டிருக்கிறார். உங்களில் யாரிடமாவது பழைய ஹைலக்ஸ் டிஃப் சும்மா கிடந்தால், பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். டுரியான் விழ ஆரம்பிப்பதற்குள் வண்டி மேட்டில் ஏற வேண்டும்.