வைத்துவிட்டுப் போவதா, கூட உட்காருவதா?

செல்லூரில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் வரும் தெருப்பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம். இல்லையென்றால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கலாம். முதல் வழியில் வயிறு நிறையும், ஆனால் அது நம்பப் பழகுவது தட்டைத்தான்.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தினமும் மாலை 6 மணிக்கு, உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீன். (கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.) உற்றுப் பார்த்தால் மிரளும், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, மெல்லக் கண்ணை மூடித் திறங்கள். ஒருநாள் அதுவும் அப்படியே செய்யும். அப்புறம் ஓரடி நெருங்கலாம். விரலை முகர்ந்துவிட்டு அதுவே கன்னத்தை உரசட்டும்.

வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த பூனை இப்படி வந்துவிடும். பிறந்ததிலிருந்து மனிதக் கை படாத பெரிய பூனை கடைசிவரை தொடவிடாமலே இருக்கலாம். அதற்கு முதல் வழியே போதும். நேரம் தவறாமல் வைத்தால் சரி.