பை வாரங்களை வைத்து ஃபேன்டஸி அணியை நடத்துவது: பல சீசன் அனுபவம்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். சீசன் 18 வாரம். ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வுதான் பை வாரம். 2024-இல் அது 5-ஆம் வாரத்தில் தொடங்கி 14-ஆம் வாரம் வரை போனது. சில வாரங்களில் இரண்டு அணிகள்தான் உட்காரும், சில வாரங்களில் ஆறு. ஃபேன்டஸியில் நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து நம் அணியாக வைத்துக்கொள்கிறோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கு நமக்குப் புள்ளி. எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் அவருடைய அணி ஆடாத வாரத்தில் உங்களுக்குப் பூஜ்யம்தான். 12 பேர் கொண்ட ஒரு லீக்கில் பல சீசன்களாக ஆடி வருகிறேன். டிராஃப்ட்டில் (சீசனுக்கு முன் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில்) அசத்தியவர்கள் இந்த வாரங்களில் சறுக்குவதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

டிராஃப்ட் அன்று பை வாரத்தைப் பார்த்து நல்ல வீரரை விடவே கூடாது. அக்டோபர் வருவதற்குள் காயம், டிரேட் (மற்றவரோடு வீரர்களை மாற்றிக்கொள்வது), வெய்வர் (யாரிடமும் இல்லாத வீரரை ஏலத்தில் எடுப்பது) என்று பெஞ்சில் (மாற்று வீரர்களில்) பாதிப் பேர் மாறிவிடுவார்கள். ஆகஸ்டில் பயந்த சிக்கல் பெரும்பாலும் அதற்குள் காணாமல் போயிருக்கும். இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் மட்டும் பை வாரத்தைப் பார்த்து ஒருவரை எடுக்கலாம்.

உண்மையான வேலை சீசன் தொடங்கிய பிறகுதான். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 5 முதல் 14 வரை வாரங்களைப் போட்டு, ஒவ்வொரு வீரருக்கும் ஓய்வு வாரத்தைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன். செயலியிலும் அந்த எண் இருக்கும். ஆனால் நான் பயன்படுத்தும் செயலி, அந்த வாரம் வந்த பிறகுதான் எச்சரிக்கும். அப்போது லீக்கில் பாதிப் பேர் அதே மாற்று வீரருக்காக வெய்வரில் மோதிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று: ஓட்டையை இரண்டு வாரம் முன்பே அடைத்துவிட வேண்டும். 2024-இல் பஃபலோவின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் முக்கிய வீரர்) ஜாஷ் ஆலனுக்கு 12-ஆம் வாரம் ஓய்வு. அதே வாரம் ஜோ பரோவின் சின்சினாட்டியும் உட்கார்ந்தது. இரண்டு பெரிய குவார்ட்டர்பேக்குகள் ஒரே வாரம் இல்லையென்றால் மாற்று ஆளுக்குப் போட்டி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டென்வரின் குவார்ட்டர்பேக் போ நிக்ஸுக்கு 12-ஆம் வாரம் ரெய்டர்ஸ் அணியுடன் ஆட்டம். 10-ஆம் வாரம் முடிந்ததுமே அவரைக் குறைந்த ஏலத்தில் எடுத்து பெஞ்சில் வைத்தேன். அடுத்த ஞாயிறு அட்லாண்டாவுக்கு எதிராக 4 டச்டவுன் வீசினார். அதற்கப்புறம் அவர் சும்மா கிடைப்பாரா? 12-ஆம் வாரம் ரெய்டர்ஸையும் டென்வர் ஜெயித்தது, நிக்ஸ் 2 டச்டவுன் வீசினார். சீசன் முழுக்க வெய்வருக்கு 100 டாலர்தான் கையில் என்ற லீக்கில், இப்படி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரும் டிசம்பரில் பேசும்.

கிக்கருக்கும் (பந்தை உதைப்பவர்) டிஃபென்ஸுக்கும் (ஒரு அணியின் தடுப்பு வரிசை) இவ்வளவு யோசனை வேண்டாம். ஓய்வு வந்தால் விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். ஆனால் ஒரு வார இடைவெளிக்காக நல்ல ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடும் வீரரை) மட்டும் வெளியே விடாதீர்கள். எதிராளி மறுநாளே தூக்கிவிடுவார்.

ஒரே வாரத்தில் நாலைந்து பேருக்கு ஓய்வு விழுந்தால் என்ன செய்வது? அந்த ஒரு தோல்வியை ஏற்றுக்கொண்டு மற்ற வாரங்களில் முழு பலத்தோடு ஆடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆறு வெற்றி கையில் இருந்தால் சரி. பிளே ஆஃபுக்கு (லீக்கின் நாக்அவுட் சுற்றுக்கு) போராடுபவருக்கு அது ஆபத்து. அதிலும் 14-ஆம் வாரம் பல லீக்குகளில் வழக்கமான சீசனின் கடைசி வாரம். பிளே ஆஃப் 15 முதல் 17 வரை. 2024-இல் 14-ஆம் வாரம் பால்டிமோர், ஹூஸ்டன், டென்வர், இண்டியானாபொலிஸ், வாஷிங்டன், நியூ இங்கிலாந்து என ஆறு அணிகள் ஆடவில்லை. பால்டிமோரின் லமார் ஜாக்சன், டெரிக் ஹென்றி இருவரையும் வைத்திருந்தவர், இடம் உறுதியாகாமல் அந்த வாரத்துக்குள் நுழைந்திருந்தால் என்ன பாடுபட்டிருப்பார்!

டிரேடிலும் இதே கணக்குதான். ஓய்வு முடிந்த வீரருக்கு மிச்சமிருக்கும் ஆட்டம் ஒன்று அதிகம், இதைப் பலரும் விலையில் சேர்ப்பதில்லை. 2024-இல் பிலடெல்பியாவுக்கு 5-ஆம் வாரமே ஓய்வு. அதற்குப் பிறகு அந்த அணியின் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியை வாங்கியவருக்குப் பிளே ஆஃப் முடியும்வரை இடைவெளியே இல்லை. அந்த சீசனில் அவர் ஓடியது 2,005 கெஜம். நான் டிரேட் பேசும்போது முதலில் பார்ப்பது எதிரிலிருப்பவரின் ஓய்வுப் பட்டியலைத்தான். 2 வெற்றி, 4 தோல்வி என்று தள்ளாடுபவருக்கு அடுத்த வாரம் மூன்று பேர் இல்லையென்றால், ஓய்வில் இருக்கும் நட்சத்திர வீரரைக் கொடுத்து, உடனே ஆடக்கூடிய இருவரை வாங்கிக்கொள்ள அவர் ஒத்துக்கொள்வார். அவருக்கு அந்த வார ஆட்டம் தப்பிக்கும், எனக்கு அந்த நட்சத்திர வீரர் கிடைப்பார். அதற்காகவே பெஞ்சில் உடனே ஆடக்கூடிய இருவரை எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறேன்.