பிழை திருத்தும் வாக்கிய அட்டைகள்: வாங்கலாம், வரிசையை மாற்றுங்கள்

ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதப் பழகும் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கானவை இந்த அட்டைகள். முன்பக்கத்தில் கேபிடல் எழுத்தும் நிறுத்தக்குறிகளும் விடுபட்ட வாக்கியம், பின்பக்கத்தில் சரியானது. குழந்தை துடைத்து அழிக்கக்கூடிய மார்க்கரால் திருத்திவிட்டு, தானே திருப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். யாரும் சிவப்பு மை போடத் தேவையில்லை, இதற்காகவே வாங்கலாம்.

ஆனால் பெட்டியில் உள்ள வரிசை சரியில்லை. முதல் அட்டையிலேயே தொடக்க எழுத்து, பெயர், முற்றுப்புள்ளி மூன்றிலும் பிழை. ஒன்றைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று குழந்தை மார்க்கரை மூடிவிடும். அட்டைகளைப் பிரித்து, முற்றுப்புள்ளி மட்டும் விடுபட்டவற்றை முதலில் கொடுங்கள். தமிழிலும் அது இருப்பதால் எளிதில் பிடிபடும். கேபிடல் எழுத்து தமிழில் இல்லாத ஒன்று, அதற்குக் கூடுதல் நாள் வேண்டும். முதலில் வாக்கியத்தின் தொடக்கம், பிறகு பெயர்கள், 'நான்' என்று பொருள்படும் 'ஐ', அதன்பின் கேள்விக்குறி. ஆச்சரியக்குறி அட்டைகளைக் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் எல்லா வாக்கியத்தின் முடிவிலும் அதுதான் நிற்கும்.

பெரிய குறை வேறு. எல்லா அட்டையிலும் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். இதையே பார்த்துப் பழகும் குழந்தை, வரி முடிகிற இடத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும். நோட்டில் வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடினாலும் முதல் வரியின் ஓரத்தில் புள்ளி வந்துவிடும். இதைச் சரிசெய்ய, 'தி டாக் இஸ் வெட்', 'ஹி ரேன் ஹோம்' போன்ற இரண்டு வாக்கியங்களைப் புள்ளியே இல்லாமல் ஒட்டி எழுதி, இரண்டாவது வரியின் நடுவில் முடியவிடுங்கள். குழந்தை உரக்கப் படிக்கட்டும். "யாரைப் பற்றி? அவருக்கு என்ன?" இரண்டுக்கும் பதில் கிடைத்த இடத்தில் புள்ளி.

அட்டையில் நாலு கோடு இல்லாததும் சிக்கல்தான். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, இசட் ஆகியவற்றில் கேபிடலுக்கும் சின்ன எழுத்துக்கும் வடிவம் ஒன்றே, உயரம்தான் வேறு. கோடு இல்லாமல் குழந்தை எழுதியது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது. திருத்திய முதல் சொல்லை மட்டும் நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சொல்லின் நடுவே கேபிடல் வந்தால் கவனக்குறைவு என்று அதட்ட வேண்டாம். 'பஸ்'ஸில் வரும் பி, 'டாக்'கில் வரும் டி இரண்டின் சின்ன வடிவங்கள் இடவலம் மாறிக் குழப்புவதால், குழப்பமில்லாத கேபிடலைப் பல குழந்தைகள் எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு சின்ன எழுத்துக்கும் தனிப் பயிற்சி கொடுத்தால் தானே குறையும்.

மார்க்கர் மெல்லிய முனையாக இருக்கட்டும். தடித்த முனையில் புள்ளி பரவி எழுத்தை மறைக்கும். அன்றன்றே துடைத்துவிடுங்கள். மை காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதன்மேல் அதே மார்க்கரால் கிறுக்கி உடனே துடைத்தால் போய்விடும்.

ஒரு வேளைக்கு 4 அட்டை போதும். பிறர் வாக்கியத்தைத் திருத்தத் தெரிந்த குழந்தை தன் வாக்கியத்தில் அதே பிழையை விடும் என்பதால், ஐந்தாவதாக அது தானே சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்க்கட்டும்.