இன்ஜின் சூட்டைக் குறைக்க நான் மாட்டியதும் கழற்றியதும்

கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. வேலந்தாவளம் வழியாகப் போக வர எழுபது கிலோமீட்டர் ஆகும். வாரத்தில் மூன்று நான்கு நாள் வண்டி, மற்ற நாள் பஸ். வண்டி 2014-இல் வாங்கியது: 350 சிசி, ஒற்றைச் சிலிண்டர், சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகள் வழியாகக் காற்றில் குளிரும் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் "அப்பவே சொன்னேனே" என்பார்கள். ஓடோமீட்டர் 94,000-ஐத் தாண்டிவிட்டது. இன்ஜின் சூட்டைக் குறைக்கிறேன் என்று இத்தனை வருடம் நான் இறைத்த காசில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெயில், கேரளம் என்றதும் ஞாபகம் வருகிற பச்சைக் கேரளத்து வெயில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறோம். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். ஆனால் வெயில் அவ்வளவு பெரிய எதிரி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஓடும்போது இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் 150 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்கு வெளிக்காற்று 30-ஆ 40-ஆ என்பது சின்ன வித்தியாசம். உண்மையான எதிரி கோவைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் உக்கடம். 2018-இல் மேம்பால வேலை ஆரம்பித்தார்கள். பாலக்காட்டு ரோடும் பொள்ளாச்சி ரோடும் சேருகிற ஆத்துப்பாலத்திலிருந்து உக்கடம் வரை, ஃபர்ஸ்ட் கியரும் நியூட்ரலுமாக ஊர்ந்து போவதே வழக்கமானது. தொடை சுடும். நியூட்ரல் விழாது. ஐடிலிங் தள்ளாடும். அங்கே நின்றுகொண்டுதான் முதல் ஆயில் கூலருக்கு ஆர்டர் போட்டேன்.

அதற்கு முன் அளந்த கதை. கை வைத்துப் பார்த்து "இன்னிக்குக் கம்மி" என்பதெல்லாம் நம்பிக்கை, அளவு இல்லை. முதலில் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்கினேன். பளபளவென்று இருந்த அலுமினியத்தில் குறிவைத்தால் அறுபது சொச்சம் காட்டியது. அதே இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறிப் பறக்கிறது! பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு, அதனால் அந்தக் கருவி ஏமாந்துபோகும். ஹெட்டில் காசளவுக்குச் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் பூசிய பிறகுதான் நம்பும்படியான எண் வந்தது. "இது மாட்டினேன், நாற்பது டிகிரி குறைந்தது" என்று யாராவது வெப்பமானியோடு வீடியோ போட்டால், முதலில் அவர் எந்த இடத்தில் குறிவைக்கிறார் என்று பாருங்கள். பிறகு நான் ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் போல உட்கார்ந்து சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றும், ஆயில் டிரெயின் போல்ட்டில் ஒரு சென்சாரும் வைத்துக்கொண்டேன். கீழே வரும் எண்கள் எல்லாம் என் ஒரு வண்டியின் எண்கள்.

எதுவும் மாட்டாத நிலையில், தேசிய நெடுஞ்சாலையில் 70-இல் போனால் பிளக் அடியில் 155 டிகிரி, ஆயில் 100-ஐ ஒட்டி. உக்கடத்தில் இருபது நிமிடம் ஊர்ந்தால் பிளக் 190-ஐத் தாண்டும், ஆயில் 120-ஐ நெருங்கும்.

இப்போது ஆயில் கூலர். ஹெட்டுக்கு ஆயில் போகும் குழாயிலிருந்து கிளை எடுத்து, சிலிண்டருக்கு முன்னால் கைப்புத்தகம் அளவு ரேடியேட்டர் வைக்கும் கிட் அது. நெடுஞ்சாலையில் நன்றாகவே வேலை செய்தது. ஆயில் எட்டிலிருந்து பத்து டிகிரி வரை குறைந்தது. பிளக் அடியில் மட்டும் மூன்று நான்குக்கு மேல் குறையவில்லை. ஆயில் வேறு, ஹெட் வேறு. உக்கடத்திலோ கூலர் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஐந்து நிமிடம் தாமதமாகச் சூடேறியது, ஏறிய பிறகு அதே எண். எங்கள் மெக்கானிக் அண்ணன் இதை மாட்டும்போதே சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஃபின்னுக்குக் காத்து இல்லாத எடத்துல இதுக்கு மட்டும் எங்கிருந்துங்க காத்து வரும்?" நான் கேட்டால்தானே.

ஆயில் கூலர் என்ற யோசனையைக் குறை சொல்லவில்லை. 2016-இல் வந்த ஹிமாலயன் என்ற 411 சிசி வண்டி தொழிற்சாலையிலேயே ஆயில் கூலரோடு வந்தது. ஆனால் அங்கே பம்பு, குழாய், ஆயில் அளவு எல்லாம் அதற்கென்று கணக்குப் போட்டு வைத்தவை. பிறகு ஒட்டவைக்கும் கிட்டில் அந்தக் கணக்கு இல்லை. எனக்குக் கிடைத்த அடி வேறு மாதிரி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் நின்று எல்லாரும் அணையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் இடது ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுக்க ஆயில். குழாய் சேரும் இடத்தில் இருக்கும் செம்பு வாஷர் ஒருமுறை இறுக்கினால் நசுங்கிவிடும், திரும்பக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். முந்தின வாரம் கழற்றிய நான் பழையதையே போட்டிருந்தேன். கிட்டில் தப்பில்லை, என் கஞ்சத்தனம்தான். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், ஹெட்டுக்கு ஆயில் போகிற வழியில் கசிய ஆறு புது இடங்களை நானே உண்டாக்கி வைத்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் இன்னொன்று வெளிப்பட்டது. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் 24, 25 டிகிரி, சாரல், ஈரக்காற்று. சித்தூர் வரை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய்வந்தால் ஆயில் 70-ஐக்கூடத் தொடவில்லை. ஆயில் சூடானால்தான் அதற்குள் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஆடி மாதம் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளை நுரை. நான் வாங்கிய கிட்டில், ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் கிடையாது, குளிரிலும் மழையிலும் அது குளிர வைத்துக்கொண்டே இருக்கும். அந்த வருடமே கூலருக்கு முன்னால் ரப்பர் ஷீட் வைத்துக் கட்டினேன். ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய பொருளை ரப்பர் போட்டு மூடி ஓட்டுகிறவனைப் பார்த்து மெக்கானிக் அண்ணன் சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

சைலன்சர் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. சத்தத்துக்காக மாட்டினேன், "புகை சுலபமாக வெளியே போகும், இன்ஜின் குளிரும்" என்று வீட்டில் காரணம் சொன்னேன். பிளக் அடியில் 12 டிகிரி கூடியது. காற்றும் புகையும் தாராளமாகப் போய்வரும்போது கார்புரேட்டர் அதற்கேற்ற பெட்ரோல் தரவில்லை. கலவை இளைத்துவிட்டது. இளைத்த கலவை சூடாக எரியும். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை, ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் பட்பட். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாகப் போட்டதும் பழைய அளவுக்கு இறங்கியது. அதாவது நானே வைத்த சூட்டை நானே எடுத்தேன், நிகர லாபம் பூஜ்யம். கேரளத்தில் இந்த மாதிரி மாற்றங்களை விடமாட்டார்கள் என்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம். மாநில எல்லையைத் தினமும் கடக்கிறவனுக்கு அது தேவையில்லாத நெஞ்சுப் படபடப்பு. பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினேன்.

பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் ஆன பிறகு கலவை விஷயம் மறுபடி தலைகாட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் பழைய கார்புரேட்டர் அளவுக்குக் கலவை சற்று இளைக்கும். ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பி, ஜெட்டை ஒரு எண் கூட்டியதும் சரியானது. ஆக்சிஜன் சென்சாரோடு புதிய புகை விதிப்படி வரும் பிஎஸ்-6 ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இரிடியம் பிளக்: ஸ்டார்ட்டிங் நன்றாக இருந்தது, சூட்டில் ஒரு டிகிரிகூட மாறவில்லை. கோல்டு (cold) பிளக் என்று வாங்கினால் குளிர்வது பிளக்கின் முனை மட்டுமே, இன்ஜின் இல்லை. இன்ஜினிலிருந்து புகை வரும் பெண்ட் பைப்புக்குச் சுற்றிய ஹீட் ராப் துணி: காலுக்குச் சூடு நன்றாகக் குறைந்தது, அது உண்மை. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. ஆனால் மழையில் அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் வருடம் பிரித்தால் குழாய் துருப்பிடித்து விரல் நகத்தில் உதிர்கிறது. ஃபின்னுக்கு மேல் கவ்வவைக்கும் அலுமினியத் துண்டுகள்: அழகுக்கு. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வாங்கி சிலிண்டருக்கு முன்னால் கட்டியும் பார்த்தேன். சிரிக்க வேண்டாம், உக்கடத்தில் ஆறேழு டிகிரி குறைத்த ஒரே பொருள் அதுதான். ஒரே ஒரு மழை தாங்கியது.

காசு செலவில்லாமல் குறைந்ததுதான் அதிகம். லெக் கார்டில் கட்டியிருந்த ரெக்சின் மறைப்பைக் கழற்றினேன், ஐந்து டிகிரி. நெல் வயல் சேறு காய்ந்து ஃபின் இடுக்கில் அடைத்திருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன், நான்கைந்து. ஒருமுறை காரணமே தெரியாமல் பத்து டிகிரி கூடி நின்றது. இரண்டு வாரம் ஜெட்டையும் டேப்பெட்டையும் நோண்டினேன். கடைசியில் பார்த்தால் பின் பிரேக்கை யாரோ இறுக்கி வைத்து, சக்கரம் சுற்றச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த யாரோ நான்தான். இன்ஜின் பாவம், நாள் முழுக்கப் பிரேக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

ஆயிலைப் பற்றித் தனியாக. மினரலிலிருந்து முழு சிந்தெடிக்குக்கு மாறியதில் எண் பெரிதாகக் குறையவில்லை, இரண்டு மூன்று. மாறியது வேறு: உக்கடத்துக்குப் பிறகும் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் நிற்கிறது. கம்பெனி சொன்ன 15டபிள்யூ-50 தடிமனையே போட்டேன். கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் வண்டிக்கு டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தர முத்திரை இருக்க வேண்டும். எம்பி (MB) என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். நான் கொடுத்த காசில் வருத்தப்படாத ஒரே பொருள் இதுதான்.

மச்சான் வைத்திருப்பது லிக்விட் கூல் வண்டி. அவனுக்குக் கூலன்ட் பைத்தியம். தண்ணீர் கலக்காமல் கூலன்ட் மட்டும் ஊற்றினால் இன்னும் குளிரும் என்று ஊற்றினான். ஃபேன் முன்பைவிட அடிக்கடி சுற்றியது. சூட்டைச் சுமப்பதில், கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் தண்ணீருக்கு ஈடாகாது. கிளைகால் கொதிநிலையை ஏற்றும், துருவைத் தடுக்கும், அவ்வளவே. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்ததும் சரியாயிற்று. நல்லவேளை, எங்கள் போர்த் தண்ணீரை ஊற்றவில்லை. அது சமையலறைப் பாத்திரத்தில் படியவைக்கும் உப்பைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கணவாய் வழியாகத் தள்ளும். காலையில் கோவை போகும்போது அது முதுகுக்குப் பின்னால். 50-இல் போகிறேன், பின்காற்றும் ஏறக்குறைய அதே திசையில் 25-இல் வருகிறது என்றால், ஃபின்னுக்குக் கிடைப்பது 25-இன் காற்றுதான். காலையில் எட்டுப் பத்து டிகிரி அதிகம், சாயங்காலம் எதிர்க்காற்றில் குறைவு. எதிர்க்காற்றில் இன்ஜினும் கூடுதலாக உழைக்கிறது என்பதால் கணக்குப் போட்ட அளவுக்குக் குறைவதில்லை. மார்கழியில் காற்று திரும்பிவிடும், எல்லாம் தலைகீழ். ஏழாயிரம் ரூபாய் கூலர் குறைத்ததை ஒரு காற்றுத் திசை குறைத்தும் கூட்டியும் விளையாடுகிறது.

2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலத்தைத் திறந்தார்கள். முதல் நாள் மேலேறிப் போகும்போது பழக்கத்தில் பிளக் சூட்டு மீட்டரைப் பார்த்தேன். 160. மறுநாளும் அதேதான். ஆறு வருடம் நான் போராடிய முப்பது டிகிரியைச் சிமெண்டும் கம்பியும் வந்து முடித்து வைத்தன.

இப்போது வண்டியில் இருப்பது கம்பெனி சைலன்சர், கம்பெனி பிளக், சிந்தெடிக் ஆயில், பெரிய ஜெட், தெர்மோகப்பிள். கூலரை மாசி கடைசியில் மாட்டி, மழை தொடங்குவதற்கு முன் கழற்றிவிடுகிறேன், வால்பாறை, மறையூர் என்று வெயிலில் நீண்ட ஏற்றங்களுக்காக. ஒவ்வொரு முறையும் புது செம்பு வாஷர். மெக்கானிக் அண்ணன் கடையில் ஒரு பொட்டலமே எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்.